ஊர்விட்டு ஊர் சென்ற பன்றி வேட்டை



புலிக்கு வரலாறு உண்டு. யானைக்கும் வரலாறு உண்டு. மண்ணைக் கிண்டித் திரியும் காட்டுப்பன்றிக்கு என்ன வரலாறு இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கம்போங் ராஜாவில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் நான். ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு மாணவன் தூக்கக் கலக்கத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தான். காரணம் கேட்டேன்.

“அப்பா பேராக்குக்குப் பன்றி வேட்டைக்குப் போனாரு சார். ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. ஒண்ணும் கிடைக்கல. விரட்டி விட்டுட்டாங்களாம்.”

“யார் விரட்டியது?”

“அந்தத் தோட்டத்து ஆளுங்க. ‘இது யாரு காடுன்னு நினைச்சு வந்தீங்க?’ன்னு கேட்டாங்களாம் சார்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. யாருடைய காடு? ஊர்விட்டு ஊர் சென்று வேட்டையாடிய மனிதர்கள் எல்லாரும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து இன்றுவரை, இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் தேடியிருக்கிறார்கள். வில்லும் வேலும் துப்பாக்கியும் அதற்குப் பிறகுதான்.

நம் இலக்கியத்தில் ஊரைவிட்டுத் தொலைவு சென்ற பன்றி வேட்டை எது என்று கேட்டால், கண்ணப்ப நாயனாரின் வேட்டை என்று சொல்லலாம். கண்ணைப் பெயர்த்து அப்பிய பக்தராக மட்டுமே அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தைச் சற்றுப் பொறுமையாகப் படித்தால், அதற்கு முன்னால் ஒரு வேட்டைத் திட்டமே விரிவாக இருப்பதைக் காணலாம்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகன். அவனுக்கு வயதாகிவிட்டது. வேட்டை குறைந்ததால் பன்றியும் புலியும் கரடியும் பெருகிப் புனங்களை அழிக்கின்றன என்று வேடர்கள் வந்து முறையிடுகிறார்கள். நாகன் தன் மகன் திண்ணனைத் தலைவனாக்கி, உடைவாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறான். தேவராட்டி வந்து வாழ்த்துகிறாள். அது அவனுடைய கன்னி வேட்டை. காட்டைச் சுற்றி வலை கட்டுகிறார்கள், நாய்களை அவிழ்க்கிறார்கள், பறையடித்து விலங்குகளைக் கிளப்புகிறார்கள். இதில் நான் மிகவும் வியப்பது ஒன்று உண்டு. சிறு குட்டிகளைக் கொல்வதில்லை, சினைப்பட்ட பிணையைத் துன்புறுத்துவதில்லை என்று அந்த வேடர்களின் ஒழுங்கையும் சேக்கிழார் சேர்த்தே சொல்கிறார். வேட்டைக்குச் சட்டம் போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று எண்ணுவோர் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

பிறகு ஒரு பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. திண்ணனும் நாணனும் காடனும் அதைத் துரத்துகிறார்கள். கூட்டம் பின்தங்கிவிட்டது, ஊர் எங்கோ தொலைவில். ஒரு மலைச்சாரலில் பன்றி களைத்து நிற்கும்போது திண்ணன் அதை உடைவாளால் வெட்டுகிறான். அதன் பிறகுதான் மூவருக்கும் பசி தெரிகிறது. தண்ணீர் எங்கே? நாணன் சொல்கிறான், அந்தத் தேக்கங்காட்டுக்கு அப்பால் பொன்முகலி ஆறு ஓடுகிறது என்று. காடன் தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்குகிறான். அருகில் தெரிகிற மலை திருக்காளத்தி என்பதையும், அங்கே யார் இருக்கிறார் என்பதையும் சொல்வதும் நாணன்தான்.

பாருங்கள் நேயர்களே, வெளியூர் வேட்டைக்கு வேண்டியவை எல்லாம் இந்தக் கதையில் வந்துவிட்டன. கூட்டம், நாய், கருவி, தண்ணீர், நெருப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்த இடத்தை அறிந்த ஒருவன். நாணன் இல்லாவிட்டால் திண்ணன் செத்த பன்றியின் அருகே தாகத்தோடு நின்றிருப்பான்.

கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். கி.பி. 949ஆம் ஆண்டில் தக்கோலத்தில் பெரும்போர் நடந்தது. இன்றைய அரக்கோணத்துக்கு அருகில் உள்ள ஊர் அது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், யானைமேல் இருந்த சோழ இளவரசன் இராசாதித்தனைக் கொன்றான். அந்தப் போரில் பூதுகனுக்குத் துணை நின்ற வீரன் மணலேரன். மகிழ்ந்த மன்னன், வேண்டியதைக் கேள் என்றான். ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது காளி என்ற ஒரு வேட்டை நாயை.

பிறகு பெளத்தூர் மலையில் ஒரு பெரும் பன்றிமேல் அந்த நாயை ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. நாய்க்கு ஆதகூரில் கோயிலின் முன்னே கல் நாட்டினார்கள். கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விட்டார்கள். ஆதகூர் இன்றைய கருநாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் இருக்கிறது. கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாயும் பன்றியும் மோதும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பேரரசுப் போரின் செய்தி நமக்கு ஒரு நாயின் நடுகல்லில் கிடைத்திருப்பது வேடிக்கைதான். எனினும், காட்டுப்பன்றியின் முன்னால் நாயை அவிழ்த்துவிட்டவர்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது. கொம்பன் பன்றியின் கீழ்த் தந்தம் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். கையில் ஊசியும் நூலும் இல்லாமல் நாயோடு வேட்டைக்குப் போகாதே என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் வேட்டையின் பொருள் மாறியது. பசிக்கும் பயிருக்குமாக இருந்த வேட்டை, துரைமாரின் விளையாட்டாயிற்று. வட இந்தியாவில் குதிரைமேல் இருந்து ஈட்டியால் பன்றியைக் குத்துவதற்குப் போட்டியே நடந்தது. மீரட்டுப் பக்கம் நடந்த அந்தப் போட்டிக்குக் காதிர் கோப்பை என்று பெயர். 1883இல் அதை வென்றவர் யார் தெரியுமா? நம் பள்ளிகளில் சாரணர் இயக்கம் இருக்கிறதே, அதை நிறுவிய பேடன் பவல். 1889இல் பன்றி வேட்டையைப் பற்றித் தனி நூலே எழுதினார். தடம் பார்ப்பது, காற்றின் திசை அறிவது, இடத்தை மனத்தில் வரைந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குச் சாரணர் இயக்கம் கற்பிக்கும் கலைகள், ஒரு வேட்டைக்காரனுக்கும் முதற்பாடம் அல்லவா?

விளையாட்டானதும் வேலி வந்தது. நீலகிரியில் காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் காட்டைத் தின்றன, துப்பாக்கிகள் பெருகின, விலங்குகள் அருகின. அதனால் 1879இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்குப் பருவமும் உரிமமும் விதிக்கப்பட்டன. விலங்குக்கு அது நன்மைதான். ஆனால் உரிமம் வாங்க வசதி படைத்தவன் வேட்டைக்காரன் ஆனான்; தலைமுறை தலைமுறையாக அதே காட்டில் கண்ணி வைத்தவன் திருடன் ஆனான். ஒரே விலங்கு, ஒரே காடு, இரண்டு பெயர்கள்.

நம் பகாங் மாநிலத்தின் கதையும் இதற்கு ஒப்பானதே. தியோடர் ஹப்பேக் என்பவர் 1895 வாக்கில் மலாயாவுக்கு வந்தார். கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வரைந்த கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹப்பேக்கின் உடன்பிறந்தவர் இவர். யானையும் காட்டெருமையும் தேடிப் பகாங் காடுகளில் அலைந்து, 1905இலும் 1912இலும் வேட்டை நூல்கள் எழுதினார். பிறகு மனம் மாறினார். துப்பாக்கியைப் பிடித்த கை பேனாவைப் பிடித்தது. 1930இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்தின் பணியைத் தலைமேற்கொண்டு, 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை அளித்தார். பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்கள் சேரும் இடத்தில் 1938-39ஆம் ஆண்டுகளில் உருவான ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா அந்த உழைப்பின் பயன். இன்று அதைத்தான் தாமான் நெகாரா என்கிறோம்.

இந்தக் காலத்தில் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? கேமரன் மலைக்கு அந்தப் பெயர் வரக் காரணமான வில்லியம் கேமரன் 1885இல் இந்த மேட்டு நிலத்தை அளக்க வந்தார். தேயிலை வந்தது 1920களின் இறுதியில்தான். போ தோட்டம் 1929இல் தொடங்கியது. காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, கன்று நட்ட கைகளில் பெரும்பான்மை தமிழ்க் கைகள். அந்தக் கைகளில் துப்பாக்கி இல்லை. லயத்து ஆட்களிடம் இருந்தவை கத்தியும் நாயும் கம்பிக் கண்ணியும். துரை பன்றியைச் சுட்டால் அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நம்மவர் கண்ணியில் பன்றி விழுந்தால் அது அந்த வாரத்துக் கறி.

பின்னர் 1948இல் அவசரகாலம் வந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்ற நிலை. காட்டோரம் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். காட்டுக்குள் அரிசி கொண்டுபோவதே குற்றமான காலத்தில் வேட்டைக்கு யார் போவார்கள்? அவசரகாலம் 1960இல் முடிந்தது. அதே ஆண்டில் ஆயுதச் சட்டமும் வந்தது. துப்பாக்கி உரிமம் அன்று முதல் இன்றுவரை காவல்துறையின் கையில் இருக்கிறது, எளிதில் கிடைப்பதன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கம்போங் ராஜாவில் பன்றி இல்லையா, ஏன் வெளியூர் போகிறார்கள்? இங்கும் உண்டு. தேயிலையை அது தின்பதில்லை. நிரைகளுக்கு நடுவே மண்புழுவுக்கும் கிழங்குக்கும் மண்ணைப் புரட்டிப் போடும். ஆனால் பன்றி கொழுத்துப் பெருகும் இடம் கீழ்நாடு. செம்பனைப் பழம் ஆண்டு முழுவதும் உதிர்ந்து கிடக்கும். பக்கத்தில் காடு இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? நெகிரி செம்பிலானில் பாசோ என்ற காடு செம்பனைத் தோட்டங்களை ஒட்டிக் கிடக்கிறது. 1990களின் பிற்பாதியில் அங்கு ஆராய்ந்தவர்கள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 27 முதல் 47 பன்றிகள் வரை கணக்கிட்டார்கள். ஈனுவதற்குப் பெட்டைப் பன்றி கூடு கட்டும். ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான இளங்கன்றுகளை ஒடித்துவிடும். காட்டுக்கே அது கேடு. ஆகவே மலையில் இருப்பவர்கள் வண்டி பிடித்துச் சிம்பாங் பூலாய் வழியாக இறங்கியதில் வியப்பில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது, 1980களின் இறுதியில், எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் அவரைத் தாத்தா என்றுதான் அழைப்போம். உரிமத் துப்பாக்கி உள்ள ஒருவரோடு சேர்ந்து கீழ்நாட்டுக்குப் போவார். அவர் திட்டமிடும் முறையை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக ஆள் அனுப்புவார். அந்தத் தோட்டத்து மண்டோரிடம் பேசி, நிர்வாகியின் சம்மதம் வாங்கி, எந்தக் கட்டையில் பன்றி இறங்குகிறது, எந்தக் கட்டையில் அன்று ஆட்கள் பழம் வெட்டுகிறார்கள் என்று கேட்டு வரச் சொல்வார். சேறு புரண்ட குழி ஈரமாக இருக்கிறதா, மரத்தில் உரசிய மண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தடத்தின் ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஆளுக்கு அவர் வைக்கும் தேர்வு.

போன இடத்தில் முதலில் காற்று. பிறகு நிற்கும் இடம். துப்பாக்கிக்காரர் எங்கே நிற்கிறார், நாய்களோடு விரட்டுகிறவர்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்பதைத் தரையில் குச்சியால் வரைவார். நின்ற இடத்தை விட்டு யாரும் நகரக் கூடாது. செடி அசைந்தால் சுடக் கூடாது. முழு உடம்பும் கண்ணில் பட வேண்டும். “செடிக்குப் பின்னால இருக்கிறது பன்றின்னு உனக்கு யார் சொன்னது? பழம் பொறுக்க வந்த பொம்பளையா இருந்தா?” என்பார். இது கற்பனைப் பயம் அன்று. வேட்டைக்குப் போன இடத்தில் தோழனையே பன்றி என்று சுட்டுவிட்ட செய்தியை நாம் நாளேடுகளில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

கறியையும் சொல்ல வேண்டும். இந்த வெயிலில் சுட்ட பன்றியை உடனே குடல் நீக்காவிட்டால் வீடு வந்து சேரும்போது அது கறியாக இராது. துப்பாக்கிக்கு ஒரு பங்கு, நாய்களுக்கு ஒரு பங்கு, இடம் காட்டியவருக்கு ஒரு பங்கு, மீதி வந்தவர்களுக்குச் சமமாக. மலாய்க்காரர் வீடுகள் இருக்கும் பாதையில் திறந்த வண்டியில் கொண்டுபோகக் கூடாது என்பது அவருடைய கட்டளை. மிளகு அரைத்துப் போட்டு, நீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை வேக வைப்பார்கள். காட்டுப்பன்றியில் புழு உண்டு, அரைவேக்காடு ஆகாது.

தாத்தா காலத்துக்கும் இன்றைக்கும் இடையில் சட்டம் வளர்ந்திருக்கிறது. 1955இல் வனவிலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதே 1972இல்தான் இந்தியாவிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, நம் முன்னோரின் ஊர்களில் வேட்டை ஏறத்தாழ முற்றுப்பெற்றது. இங்கே அப்படி முற்றுப்பெறவில்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பேணல் சட்டத்தில் புலி முதலியன முற்றிலும் காக்கப்பட்டவை. காட்டுப்பன்றியோ காக்கப்பட்டவை என்ற வேறு பட்டியலில் இருக்கிறது. அதாவது, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமத்தோடு வேட்டையாடலாம். உரிமம் இல்லாமல் ஆடினால் சிறைவரை போகலாம். துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை உரிமம் வேறு, நிலத்துக்காரரின் சம்மதம் வேறு. மூன்றில் ஒன்று இருந்தால் போதும் என்று எண்ணித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கம்பிக் கண்ணி இன்று அறவே கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கம்பிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது. பன்றிதான் புலியின் முக்கிய இரை. பன்றி நடக்கும் வழியில்தான் புலியும் நடக்கும். மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று 2022இல் வெளியான நாட்டளாவிய கணக்கெடுப்பு சொல்கிறது. நம் பாட்டன்மார் வறுமையில் வைத்த கண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன். இன்று வைப்பவனுக்கு அந்தச் சாக்கு இல்லை. போதாக்குறைக்கு, 2021இல் சபாவிலும் அந்த ஆண்டு இறுதியில் தீபகற்பத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. மனிதரை அது தொற்றாது. ஆனால் ஒரு மாவட்டத்துக் கறியையும் குடலையும் இன்னொரு மாவட்டத்தில் கொண்டுபோய் எறிந்தால் நோயையும் கொண்டுபோனதாகும்.

அப்படியானால் காடு யாருடையது? சட்டப்படி அரசுடையது, தோட்டத்துடையது. ஆனால் எங்கள் கம்போங் ராஜா வழியே ஓடும் தெலோம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் செமாய் மக்கள், இந்தக் கணக்குகளுக்கெல்லாம் முன்பிருந்தே அங்கே வேட்டையாடுகிறவர்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டம்கூட, பூர்வகுடி மக்கள் தம் குடும்ப உணவுக்காகக் காட்டுப்பன்றி உள்ளிட்ட சில விலங்குகளை வேட்டையாட இடம் தருகிறது, விற்பதற்கு அன்று. 1960களின் தொடக்கத்தில் அவர்களோடு வாழ்ந்த மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். பெரிய விலங்கு விழுந்தால் குடியிருப்பில் உள்ள எல்லாருக்கும் பங்கு போகும். பங்கு பெற்றவன் நன்றி சொன்னால் அது மரியாதைக் குறைவு. கொடுப்பது இயல்பு என்று இருக்கும்போது, நீ அளவு பார்த்துக் கொடுத்தாய் என்பது போல் ஆகிவிடுமாம்.

தெரியாத காட்டில் தனியே கால் வைப்பவனுக்கு என்ன நேரும் என்பதையும் இந்த மலை உலகத்துக்கே காட்டியிருக்கிறது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் நாள், தானா ராத்தாவுக்கு அருகில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் போனார். திரும்பவில்லை. காவலரும் படையினரும் பூர்வகுடித் தடம் காண்போரும் நாட்கணக்கில் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அவருக்கு நேர்ந்தது என்ன என்பது இன்றுவரை புலப்படவில்லை.

அந்த மாணவனின் தந்தை போன மாதம் பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள். “சார், அந்தத் தோட்டத்து மேனேஜருக்கு மலாய்ல ஒரு கடுதாசி எழுதித் தாங்க. இந்தத் தடவ கேட்டுட்டுப் போறோம்” என்றார். உட்கார்ந்து எழுதினோம். வருகிறவர்கள் ஐந்து பேர், நாய்கள் நான்கு, வண்டி எண், துப்பாக்கிக்காரரின் உரிம எண், வேட்டை உரிமத்தின் நகல், வரும் நாள், போகும் நாள். எல்லாம் எழுதி முடித்த பிறகு, அவராகவே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: இடம் காட்ட உங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் வேண்டும், அவருக்கும் பங்கு உண்டு.

பதில் இன்னும் வரவில்லை. நாய்கள் லயத்து வாசலில் படுத்துக் கிடக்கின்றன.